நூற்றுப்பத்துக்கு எழுபது

ஓய்வுபெற்ற சுகாதாரப் பணியாளர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்கள். எளிய மக்களின் உடல்நலத்துக்காக உழைத்த வழிகாட்டிகளைப் பற்றிய மலராம். அந்த வழிகாட்டிகளில் நானும் ஒருத்தியாம். தங்கராஜ் அண்ணாச்சி போன் செய்து சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவர் எங்கள் வட்டாரத்தில் சுகாதார மேற்பார்வையாளராக இருந்து எனக்கு முன்பே ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷர், யாரையும் பகைக்க மாட்டார்.

"சிஸ்டர், ரெண்டே ரெண்டு பக்கம் எழுதித் தாங்க. கொஞ்சம் பாசிட்டிவா இருக்கட்டும், என்ன?"

"பாசிட்டிவ்னா எப்படி அண்ணாச்சி?"

"சைக்கிள்ல போனோம், வாய்க்காலைத் தாண்டிப் போய் சொட்டு மருந்து போட்டோம், அந்த மாதிரி. படிக்கிறவுகளுக்கு ஒரு உற்சாகம் வரணும்லா."

சரி என்று சொல்லிவிட்டேன். சைக்கிளைப் பற்றி முக்கால் பக்கம் எழுதியும் வைத்தேன். அதற்குள் இன்னொரு போன் வந்தது. நான் இருந்த துணை சுகாதார நிலையத்தில் இப்போது கிராம சுகாதார செவிலியராக இருக்கிற செல்வராணி பேசினாள்.

"அக்கா, குற்றாலம் சீசன் டியூட்டிக்கு ஆர்டர் வந்துட்டு. நாளு மாத்தி நாளு அங்கன போகணுமாம். இங்கன காலனியில ஒரு புள்ளைக்கு எட்டு மாசம் நடக்கு. நான் பாக்காத அன்னைக்கு பிரஷரு என்னன்னு போட? இந்த போன் ஆப்புல கட்டத்தைக் காலியா விட்டா அடுத்த பக்கத்துக்கே போவ மாட்டேங்குது."

சைக்கிளைப் பற்றி எழுதியதைக் கிழித்துப் போட்டேன். இது ரெண்டு பக்கத்தில் அடங்காது. பாசிட்டிவாகவும் இருக்காது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பத்தாவது முடித்து, ஒன்றரை வருடம் திருநெல்வேலியில் பயிற்சி. விடுதிச் சாம்பாரும் பிரசவ வார்டும்தான் ஞாபகம். பிரஷர் பார்ப்பதை மட்டும் அங்கே கைப்பழக்கமாக்கி அனுப்பினார்கள். வந்தவளை ஐந்து நிமிடம் உட்கார வைக்க வேண்டும். நடந்து வந்த மூச்சோடு பார்க்கக் கூடாது. முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே பட்டையைச் சுற்ற வேண்டும். நாடி நிற்கிற இடத்துக்கும் மேலே பாதரசத்தை ஏற்றிவிட்டு, திருகை மெல்லத் தளர்த்தி, அது இறங்க இறங்க காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். முதல் சத்தம் கேட்கிற இடம் ஒன்று, சத்தம் மறைகிற இடம் இன்னொன்று. பிறகு சிறுநீரைக் குழாயில் எடுத்து, ஸ்பிரிட் விளக்கில் மேல்பாதியை மட்டும் சூடு காட்டி, இரண்டு சொட்டு அமிலம் விட்டுப் பார்க்க வேண்டும். கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கினால் உப்பு இருக்கிறது என்று அர்த்தம்; பிரஷரும் ஏறியிருந்தால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்து. ஒரு பெண்ணுக்கு இதையெல்லாம் செய்ய முழுசாகக் கால் மணி நேரம்கூட ஆகாது. அந்தக் கால் மணி நேரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

என் பொறுப்பில் இருந்த ஊர்களில் கடைக்கோடி ஊர் புளியம்பேரி காலனி. மலையடிவாரத்தில் ஐம்பது அறுபது வீடுகள். வீட்டுக்கு வீடு பெண்கள் பீடி சுற்றுவார்கள். ஆண்கள் விடிவதற்குள் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்கப் போய்விடுவார்கள். காலனியிலிருந்து துணை சுகாதார நிலையத்துக்கு இரண்டு மைல் நடை. பஸ் கிடையாது. பஸ் விடச் சொல்லிக் கேட்டால், அவ்வளவு பேர் ஏறமாட்டார்கள் என்று பதில் வரும். ஊரில் ஆள் குறைவு என்று சொல்லியே எல்லாவற்றையும் மறுத்த ஊர் அது.

சீசன் என்றால் மற்றவர்களுக்குச் சாரல், குளியல், எண்ணெய் மசாஜ், பழக்கடையில் மங்குஸ்தான். எங்களுக்குச் சீசன் என்றால் டியூட்டி. மெயினருவிக்குப் பக்கத்தில் ஒரு பந்தல் போட்டு, ஒரு மேஜை, டெட்டால், பஞ்சு, பிளாஸ்திரி வைத்து நர்சுகளை முறை வைத்து உட்கார வைப்பார்கள். கிராமங்களுக்கு என்று இருந்த ஆம்புலன்சையும் அங்கே கார் நிறுத்துமிடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். வழுக்கி விழுகிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். குளிக்க வருகிறவர்களுக்கு ஆம்புலன்ஸ் கூடாது என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கென்று ஒன்றை வாங்கி நிறுத்துங்கள் என்கிறேன். காலனியில் இருப்பவளிடமிருந்து எதற்குப் பிடுங்குகிறீர்கள்? தென்காசி டவுனில் வேலை செய்த நர்சுகளை அந்த டியூட்டிக்கு எடுத்ததே இல்லை. டவுனில் மருந்தகம் பூட்டிக் கிடந்தால் மறுநாளே மனு எழுதிக்கொண்டு வர ஆள் உண்டு. காலனியில் பூட்டினால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நன்றாகத் தெரிந்துதான் எங்களை எடுத்தார்கள்.

பந்தலில் என்ன வேலை என்று கேளுங்கள். காலில் கண்ணாடி குத்தியவர்கள் வருவார்கள், விரல் வீங்கி மோதிரம் கழற்ற முடியாதவர்கள் வருவார்கள், குடித்துவிட்டு விழுந்தவர்கள் வருவார்கள். மீதி நேரமெல்லாம் பிரஷர்தான். மேஜையில் மெஷினைப் பார்த்ததும், குளித்துவிட்டு ஈரத்தலையோடு போகிறவர்களுக்கு ஒரு ஆசை வந்துவிடும். ஒருவர் கையை நீட்டினால் பின்னால் குடும்பமே வரிசையில் நிற்கும். பெரிய அதிகாரி வீட்டம்மா ஒருவர் ஒரு வாரம் தங்கியிருந்து தினமும் வந்து பார்த்துக்கொண்டார். ஒருநாளும் ஒரு குறையும் இல்லை. அத்தனை பேருக்கும் ஐந்து நிமிடம் உட்கார வைத்து, பட்டை சுற்றி, முறைப்படிதான் பார்த்தேன். என்னிடம் இருந்தது ஒரே மெஷின். அது என்னோடு அருவிக்கு வந்துவிட்டது.

அதே நாட்களில் துணை சுகாதார நிலையத்தில் பூட்டு தொங்கும். கர்ப்பிணிகள் இரண்டு மைல் நடந்து வந்து பார்ப்பார்கள். பூட்டைக் கண்டதும், மாதாமாதம் பரிசோதனையை எழுதுகிற தங்கள் தாய் அட்டையை ஜன்னல் கம்பிக்கு நடுவே செருகிவிட்டுப் போய்விடுவார்கள். தாங்கள் வந்து போனதற்கு அது அடையாளம். யார் ஆரம்பித்து வைத்த பழக்கமோ தெரியாது, எனக்கு முன்னால் இருந்தவர் காலத்திலேயே அது இருந்தது. டியூட்டி இல்லாத நாளில் நான் வந்து அட்டைகளை எடுத்து, கட்டங்களை நிரப்பி, அங்கன்வாடி டீச்சர் கையில் கொடுத்தனுப்புவேன். அட்டையில் பதிவு இல்லாமல் பிரசவத்துக்குப் போனால் பெரிய ஆஸ்பத்திரியில் ஏசுவார்கள். அதனால் அந்தப் பெண்களே, "நர்சம்மா, என் அட்டையில போட்டாச்சா?" என்று கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

ஆளைப் பார்க்காமல் எதைப் போடுவது? நூற்றுப்பத்துக்கு எழுபது. இரத்த அழுத்தம் நூற்றுப்பத்துக்கு எழுபது, சிறுநீரில் உப்பு இல்லை, கால் வீக்கம் இல்லை. எல்லோருக்கும் அதுதான்.

இதை நான் எங்கே கற்றேன் என்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு டாக்டர் இருந்தார். பெயர் சொல்ல மாட்டேன், அவர் இறந்துவிட்டார், வந்து பதில் சொல்ல முடியாது. மோசமான மனுஷர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கடைசி நோயாளி போகிறவரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். டீயைக்கூட வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவந்து குடிப்பார், யாரிடமும் ஒரு வாழைப்பழம் வாங்கிச் சாப்பிட்டதில்லை. குரலை உயர்த்தி ஒரு நாளும் நான் கேட்டதில்லை. ஆனால் மாதாந்திரக் கூட்டம் என்றால் எங்களுக்குப் பயம்தான். பதிவேட்டை விரித்து, ஒரு மரஸ்கேலை முதல் வரிக்குக் கீழே வைப்பார். படித்து முடித்ததும் ஸ்கேலை அடுத்த வரிக்கு நகர்த்துவார். இப்படியே கடைசி வரி வரைக்கும். காலிக் கட்டம் வந்தால் ஸ்கேல் நின்றுவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்து முதல் சீசன் முடிந்த கூட்டத்தில் ஸ்கேல் என் பதிவேட்டில் பல இடங்களில் நின்றது.

"இது என்னம்மா?"

"சீசன் டியூட்டியில இருந்தேன் சார். அவங்களைப் பாக்க முடியல."

"காலிக் கட்டம்னா என்ன அர்த்தம் தெரியுமா? வேலை செய்யலைன்னு அர்த்தம். மேல இருக்கறவங்க என்னைத்தானே கேப்பாங்க?"

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் கூட்டம் முடிகிற வரைக்கும் என்னை நிற்க வைத்துவிட்டார். வெளியே வந்து அழுதுகொண்டிருந்தவளை மூத்த நர்ஸ் ஒருவர் தோளில் தட்டினார். "ஏட்டி, இதுக்கா அழுத? நூத்திப்பத்துக்கு எழுவதுன்னு போட்டுட்டுப் போ. அதை யாரும் கேக்க மாட்டாக." உண்மைதான், அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. மெஷினில் பார்த்த பிரஷர் ஆளுக்கு ஆள் முன்னப்பின்ன இருக்கும். நூற்றுப்பதினாறு வரும், நூற்றுநாலு வரும், எழுபத்தெட்டு வரும். ஒரு ஊர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் ஒரே பிரஷர் எப்படி இருக்கும் என்று, வரிக்கு வரி ஸ்கேல் வைத்துப் படித்த அந்த மனுஷருக்கு ஒருநாளும் தோன்றவில்லை. தோன்றாமல் இருந்ததா, தோன்றியும் பேசாமல் இருந்தாரா என்று அப்போது எனக்குத் தெரியாது. எங்கள் எல்லோருக்கும் அது வசதியாக இருந்தது. இப்படித்தான் பொய் எழுதுவதை வேலையாகவும் உண்மையாகக் காலியாக விடுவதைக் குற்றமாகவும் ஆக்கி வைத்திருந்தார்கள்.

பேச்சியம்மாள் புளியம்பேரி காலனியில் இருந்தாள். அது அவளுக்கு இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளை பிறந்து ஒரு வாரத்தில் போய்விட்டதால், இந்த முறை ஒரு மாதம்கூடத் தவறாமல் வந்தாள். ஆறாம் மாதத்தில் நான் வீட்டுக்குப் போனபோது முறம் மாதிரியான சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். வயிறு சுளகை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது.

"என்ன பேச்சி, இன்னும் ரெண்டு மாசத்துல சுளகு வாசலுக்குப் போயிரும் போலிருக்கே?"

"நீங்க வேற நர்சம்மா. இது உதைக்கிற உதையில தூளெல்லாம் சிந்திப் போவுது. கண்டிப்பா பொட்டப்புள்ளதான், இந்த வயசுலயே அம்மாவை வேலை செய்ய விடமாட்டேங்கா."

அன்று பார்த்தேன். நூற்றுப்பதினெட்டுக்கு எழுபத்தாறு. முறையாகப் பார்த்து அவள் அட்டையில் எழுதிய கடைசி எண் அதுதான்.

பிறகு சீசன் வந்தது. அந்த வருடம் சாரல் நன்றாக விழுந்து கூட்டம் அலைமோதியது. டியூட்டி நாட்களைக் கூட்டிவிட்டார்கள். ஏழாம் மாதம் பேச்சி வந்து பூட்டைப் பார்த்து அட்டையைச் செருகிவிட்டுப் போனாள். எட்டாம் மாதமும் வந்தாள். அன்றைக்கு அவளுக்குத் தலைவலி இருந்ததாம், கால் வீங்கியிருந்ததாம், வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தாளாம். இதெல்லாம் பிறகு அக்கம்பக்கத்தார் சொல்லித் தெரிந்தது. அட்டையில் எப்படித் தெரியும்? இரண்டு முறையும் நான் எழுதினேன். நூற்றுப்பத்துக்கு எழுபது. வீக்கம் இல்லை. கையெழுத்துப் போட்டு அங்கன்வாடி டீச்சரிடம் கொடுத்தேன்.

அதற்கு நாலாம் நாள் காலை பத்து, பத்தரை இருக்கும். நான் பந்தலில் ஒரு மதுரைக்காரருக்குப் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஆம்புலன்ஸ் டிரைவருக்குப் போன் வந்தது. "எந்த ஊரு? புளியம்பேரி காலனியா? கர்ப்பிணியா?" என்று அவர் கேட்டது என் காதில் விழுந்தது. மதுரைக்காரர் கையிலிருந்து பட்டையை அவிழ்த்து, மெஷினைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் வண்டியில் ஏறினேன்.

ஏறி என்ன செய்ய? வண்டி நகரவில்லை. முன்னாலும் பின்னாலும் டூரிஸ்ட் பஸ்கள். சைரன் அலறுகிறது, ஆட்கள் ஈரத்துணியோடு திரும்பிப் பார்க்கிறார்கள், சிலர் செல்போனில் படம் பிடிக்கிறார்கள். குற்றாலத்தை விட்டு வெளியே வரவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.

அதற்குள் காலனிக்காரர்கள் அவளை ஆட்டோவில் ஏற்றி, வழியில் இருந்த ஒரு சின்ன கிளினிக்கில் சேர்த்திருந்தார்கள். சுளகோடு சரிந்து விழுந்து வலிப்பு வந்திருக்கிறது. அங்கே இருந்த டாக்டர் இளவயதுக்காரர். கர்ப்பிணிக்கு வலிப்பு என்றதும் அவர் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார், பிரஷர் எப்படி இருந்தது என்று. அட்டையை நீட்டியிருக்கிறார்கள். நாலு நாள் முன்னால் எழுதியது, நூற்றுப்பத்துக்கு எழுபது. அப்படியானால் இது காக்காய் வலிப்புதான் என்று, தான் ஒருமுறை பார்க்காமலே முடிவு செய்து, அதற்கு ஊசி போட்டு, தெளிந்த பிறகு அனுப்பலாம் என்று படுக்க வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. என் கையெழுத்தை நம்பினார், அவ்வளவுதான்.

நான் போய் அவள் கையில் பட்டையைச் சுற்றினேன். கையே வீங்கி மெத்தென்றிருந்தது. பாதரசம் நூற்றெண்பதிலேயே தட்ட ஆரம்பித்து, நூற்றிருபதில்தான் சத்தம் மறைந்தது. தலைமாட்டில் அட்டை கிடந்தது. அதில் நீல மையில் என் எழுத்து.

தென்காசிக்குக் கொண்டுபோனோம். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு நிமிடம்கூட வீணாக்கவில்லை, உள்ளே கொண்டுபோய் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை, பேச்சி சொன்ன மாதிரியே. அழுதது. உள்ளே போவதற்கு முன்னால் ஒரு டாக்டரம்மா என்னிடம் கேட்டார், "கடைசியா எப்ப பிரஷர் பாத்தீங்க சிஸ்டர்?" நான், "அட்டையில இருக்கு மேடம்" என்றேன். அந்த நேரத்திலும் என் வாய் அதைத்தான் சொன்னது. மறுநாள் மதியம் பேச்சியம்மாள் இறந்துபோனாள்.

பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் விசாரணைக் கூட்டம் வைப்பார்கள். உயர் அதிகாரிகள் இருப்பார்கள், இறந்தவள் வீட்டாரையும் கூப்பிடுவார்கள். அங்கே போகும்போது எங்கள் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் என்னை அவருடைய ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். இறங்கப் போகும்போது மெதுவாகச் சொன்னார்.

"பதிவேட்டில இருக்கறதை மட்டும் சொல்லுங்கம்மா. பதிவேடு சரியா இருக்கு. அது நம்மைக் காப்பாத்தும்."

"சார், அது..."

"எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம்."

அப்போதுதான் அவருக்குத் தெரியும் என்று எனக்குப் புரிந்தது. தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கு அவர் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார் என்றும் புரிந்தது.

பேச்சியின் புருஷன் மாரியப்பன், பாவூர்சத்திரத்தில் மூட்டை தூக்குகிறவன். தலைத்துண்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கையில் ஒரு பாலிதீன் கவர், அதற்குள் அந்த அட்டை. குறை ஏதாவது உண்டா என்று அதிகாரி கேட்டதும் அவசரமாகத் தலையை ஆட்டினான்.

"அய்யா, நர்சம்மாவை ஒண்ணும் சொல்லப்பிடாது. மாசா மாசம் ஒழுங்காத்தான் பாத்துருக்காக. அட்டையில எழுதியிருக்காகல்லா. எங்க தலையெழுத்து அப்படி ஆயிப்போச்சு, அவுக என்ன செய்வாக?"

அவன் என்னைத் திட்டியிருந்தால் ஒருவேளை நான் பதிவேட்டில் இருப்பதையே சொல்லிவிட்டு வந்திருப்பேன். அவன் எனக்காக வாதாடினான். என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று, "நான் பார்க்கலை சார். ரெண்டு மாசமும் பார்க்கலை. சீசன் டியூட்டியில் அருவியில இருந்தேன். ஜன்னல்ல இருந்த அட்டையை எடுத்து நானா எழுதினேன்" என்றேன். டாக்டர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு மெமோ வந்தது, தண்டனையும் வந்தது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, இன்னும் கூடுதலாகக் கொடுத்திருந்தாலும் சரிதான். ஆனால் அந்த விசாரணை அறிக்கையில் என்ன எழுதினார்கள் தெரியுமா? 'களப்பணியாளரின் பதிவேடு பராமரிப்பில் குறைபாடு.' ஒரு பெண் செத்ததற்குக் காரணம் பதிவேடாம்! நர்சை ஊரிலிருந்து எடுத்துக்கொண்டுபோய் அருவிக்கரையில் உட்கார வைத்தது யார்? ஆம்புலன்சைப் பஸ்களுக்கு நடுவே கொண்டுபோய்ச் சொருகியது யார்? அந்த உத்தரவைப் பற்றி ஒரு வரி இல்லை. சீசன் என்ற சொல்லே அந்தக் காகிதத்தில் இல்லை. அடுத்த ஜூனில் அதே உத்தரவு, தேதியை மட்டும் மாற்றி வந்து சேர்ந்தது.

அன்றைக்குக் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது வாகை மரத்தடியில் மாரியப்பன் நின்றுகொண்டிருந்தான். அட்டையைக் கவரிலிருந்து வெளியே எடுத்து வைத்திருந்தான். அடிக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் விரலை அந்தக் கட்டத்தின் மேல் வைத்துக் காட்டினான்.

"நர்சம்மா, அப்ப இந்த நம்பரு யாருது?"

"யாருதும் இல்ல, மாரியப்பா."

"யாருக்காவது பாத்ததா இருக்கும்லா?"

"இல்லப்பா. யாருக்கும் பாக்கல."

அட்டையை மறுபடி கவருக்குள் போட்டு மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தான். ஒரு வார்த்தை ஏசவில்லை.

அடுத்த சீசனில் நான் டியூட்டிக்குப் போனேன், போகாமல் இருக்க வழியில்லை. ஆனால் ஜன்னலில் செருகிய அட்டைகளில் எண் எழுதவில்லை. கட்டத்துக்குக் கட்டம் சிவப்பு மையில் 'பார்க்கவில்லை. சீசன் பணி' என்று எழுதினேன். பதிவேட்டிலும் அப்படியே எழுதினேன். மாதக் கூட்டத்தில் டாக்டர் ஸ்கேலை வைத்தார். முதல் வரியில் நின்றது, இரண்டாம் வரியில் நின்றது, மூன்றாம் வரியில் நின்றது. பிறகு ஸ்கேலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பக்கம் முழுவதையும் கையால் தடவி ஒரு தரம் படித்தார். என்னை நிற்கச் சொல்லவில்லை.

"இப்படியே மேல அனுப்பவா?" என்று கேட்டார்.

"அனுப்புங்க சார்."

அனுப்பினார். அதற்காக அவருக்கு என்ன கிடைத்ததோ தெரியாது, என்னிடம் சொல்லவில்லை. அந்த வருடமே மற்ற நர்சுகளும் சிவப்புப் பேனா வாங்கினார்கள். பக்கம் பக்கமாகச் சிவப்பாகப் போனதும்தான் மேலே இருப்பவர்களுக்கு உறைத்தது. கடைசியில் ஏழு மாதம் தாண்டிய கர்ப்பிணிகள் இருக்கிற ஊர் நர்சை எடுக்க வேண்டாம் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். அருவிக்கு வேறு ஆம்புலன்ஸ் வந்தது. வாய்மொழிதான், காகிதத்தில் தரச் சொல்லி நான் ஓய்வு பெறும் வரைக்கும் கேட்டேன், தரவில்லை. வாயால் சொன்ன அதிகாரிகள் மாறிப் போனதும் அவர்கள் சொன்னதும் போய்விட்டது. அதனால்தான் செல்வராணிக்கு இந்த வருடம் ஆர்டர் வந்திருக்கிறது.

பேச்சியின் மகளை மாரியப்பன்தான் தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு வருவான். மருந்தை நான் ஊசியில் ஏற்றுவதைக் கிட்டவே நின்று பார்ப்பான். எடை போட்டால் முள் எங்கே நிற்கிறது என்று அவனே குனிந்து பார்த்து, நான் அதைத்தான் எழுதுகிறேனா என்றும் பார்ப்பான். எண்களைப் படிக்க அதற்காகவே மார்க்கெட்டில் யாரிடமோ கற்றுக்கொண்டானாம். ஒவ்வொரு முறையும் அவன் குனியும்போது எனக்கு உடம்பு கூசும். அந்தக் கூச்சம் எனக்கு வேண்டியதுதான்.

முன்னாவது காகிதத்தில் காலியாக விட இடம் இருந்தது, சிவப்பு மையில் எழுத இடம் இருந்தது. இப்போது வந்திருக்கிற ஆப்பில் அதுவும் இல்லை. எண் போட்டால்தான் நகரும். 'பார்க்கவில்லை' என்று எழுத இடமில்லை, 'பூட்டியிருந்தது' என்று எழுத இடமில்லை. ஸ்கேலோடு உட்கார்ந்திருந்த அந்த டாக்டரிடமாவது கடைசியில் பேச முடிந்தது. இதனிடம் என்ன பேசுவது? ஏதாவது ஒன்றை அடித்துவிட்டுப் போ என்று ஒரு பெண்ணை மூலையில் நெட்டித் தள்ளுகிற இதற்குப் பெயர் முன்னேற்றமாம்.

செல்வராணியிடம் நான் சொன்னது இதுதான். நீ பார்க்காததைப் போடாதே. ஆப் நகராவிட்டால் நகராமலே கிடக்கட்டும், ஏன் நகரவில்லை என்று கேட்டுக்கொண்டு ஆள் வரட்டும். வந்தால் என் வீட்டு விலாசத்தைக் கொடு. "எனக்குப் பயமா இருக்குக்கா, ஆனா போடமாட்டேன்" என்றாள். அந்த எட்டு மாதக்காரிக்கு நேற்று அவள் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து எண்ணைச் சொன்னாள். நூற்றிருபத்தாறுக்கு எண்பத்துநாலு. அது கொஞ்சம் கவனிக்க வேண்டிய எண். வாரம் இரண்டு முறையாவது பார்க்க வேண்டும். நாளை அவள் அருவியில் இருக்க வேண்டுமாம்.

தங்கராஜ் அண்ணாச்சி, இந்தக் கட்டுரையை நீங்கள் கேட்டதற்காக அனுப்புகிறேன். ஒரு வரியும் குறைக்காமல் போடுங்கள். போட முடியாது, மனசு சங்கடப்படும் என்றால் நான் வருத்தப்பட மாட்டேன். ஆனால் எனக்கென்று ஒதுக்கிய பக்கங்களில் சைக்கிள் படமோ வாழ்த்துச் செய்தியோ போட்டுவிடாதீர்கள். காலியாக விட்டு, அடியில் என் பெயரை மட்டும் போடுங்கள்.